உதவி: வைஃபை கோடுகள் நிறைவாக இருந்தும் மடிக்கணினியில் மட்டும் இணையம் விட்டு விட்டு வருகிறது

கணக்கு டீச்சர் | செவ்வாய், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். மூன்று வாரங்களாக என் மடிக்கணினியில் வைஃபை இணைப்பு விட்டு விட்டு வருகிறது. திரையின் மூலையில் கோடுகள் நிறைவாகவே தெரிகின்றன. ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே என் குரல் அறுந்து, படம் உறைந்து, சில நொடிகளில் இணையவழி வகுப்பிலிருந்தே வெளியேற்றப்பட்டுவிடுகிறேன். பகலில் ஒரு தொல்லையும் இல்லை, மாலையில் மட்டும்தான் இப்படி. இன்று வட்டத்தின் தொடுகோட்டுத் தேற்றத்தை மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் பாதியில் விட்டேன். புதிதாக எதையும் நான் மாற்றவில்லை. இணைய இணைப்பு கொடுத்தவர்களை அழைத்தால், தங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார்கள். பொதுத்தேர்வு நெருங்குகிறது. தெரிந்தவர்கள் விரைவாக ஒரு வழி சொல்லுங்கள்.

தென்காற்று | செவ்வாய், இரவு 9.58

வணக்கம் டீச்சர். நீங்கள் தந்திருக்கும் விவரங்களை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. மடிக்கணினியில் இருப்பது வின்டோஸா, லினக்ஸா? ரவுட்டர் எந்த அறையில் இருக்கிறது, நீங்கள் எந்த அறையில் அமர்கிறீர்கள்? வைஃபை அலைப்பட்டைகளில் நீங்கள் இணைந்திருப்பது 2.4 கிகாஹெர்ட்ஸிலா, 5 கிகாஹெர்ட்ஸிலா? இணைப்பு அறும் அதே நேரத்தில் அதே மேசையில் கைபேசி ஒழுங்காக வேலை செய்கிறதா? கடைசிக் கேள்விக்கு மட்டுமாவது பதில் சொல்லுங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

பூங்குயில் | செவ்வாய், இரவு 10.15

எனக்கும் இதே தொல்லை இருந்தது, ஒரே நாளில் தீர்ந்தது. மின்சாரத்தைச் சேமிப்பதாகச் சொல்லி வின்டோஸ் அவ்வப்போது வைஃபை அட்டையை உறங்கவைத்துவிடுகிறது. டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்களின் கீழே உங்கள் வைஃபை அட்டையின் மேல் இருமுறை சொடுக்கி, பவர் மேனேஜ்மென்ட் என்ற தாவலுக்குச் செல்லுங்கள். சேமிப்புக்காக இந்தச் சாதனத்தை அணைக்கக் கணினிக்கு அனுமதி தரும் கட்டத்தில் இருக்கும் குறியை எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் வேறு எதைச் செய்தாலும் பயனில்லை.

அலைக்கற்றை (மூத்த உறுப்பினர்) | செவ்வாய், இரவு 10.31

இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை விடை எழுதியிருக்கிறேன், தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டால் எல்லாருக்கும் நேரம் மிச்சம். மாலையில் மட்டும் அறுகிறது என்று அவரே சொல்லிவிட்டார், விடை அதற்குள்தான் இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஏழு மணிக்கு மேல் எல்லாரும் வீடு திரும்பிப் படம் பார்க்கத் தொடங்குகிறார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மேற்படியாத சேனல்கள் (ரவுட்டர் பேசும், எண்ணிட்ட அலைப்பகுதிகள்) மூன்றே மூன்று: 1, 6, 11. பத்து வீட்டு ரவுட்டர்கள் இந்த மூன்றில் முட்டி மோதினால் இப்படித்தான் ஆகும். கைபேசியில் வைஃபை அனலைசர் செயலி ஒன்றை நிறுவி, எந்தச் சேனலில் நெரிசல் குறைவு என்று பார்த்து, ரவுட்டரின் அமைப்புகளில் அதற்கு மாற்றுங்கள். இதற்கு மேல் இதில் ஆராய்ச்சி ஒன்றும் இல்லை.

கணக்கு டீச்சர் | புதன், காலை 6.50

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. வின்டோஸ் 11 தான். ரவுட்டர் கூடத்தில் தொலைக்காட்சிக்கு மேலே இருக்கிறது, நான் உள்ளறையில் அமர்கிறேன், இடையில் இரண்டு சுவர்கள். இணைப்பின் பண்புகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ், சேனல் 6 என்று காட்டுகிறது. அறுகின்ற நேரத்தில் கைபேசி நன்றாகவே வேலை செய்கிறது, நேற்றுக்கூட மீதி வகுப்பைக் கைபேசியில்தான் முடித்தேன். பூங்குயில் சொன்ன தாவல் என் கணினியில் இல்லவே இல்லை.

வடம்பிடி | புதன், காலை 8.05

தாவல் இல்லாததில் வியப்பில்லை. மாடர்ன் ஸ்டான்ட்பை முறையில் (கைபேசியைப் போல அரை உறக்கத்தில் இருக்கும் முறை) இயங்கும் இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் வின்டோஸ் அதைக் காட்டுவதில்லை. அதுவுமன்றி, உறங்குவதுதான் சிக்கல் என்றால் சும்மா இருக்கும்போதுதான் அறும், வகுப்பு நடக்கும்போது அட்டைக்கு உறக்கம் ஏது?

நான் வீடுகளுக்குக் கேபிள் இழுத்து இணைப்பு கொடுக்கும் வேலையில் இருப்பவன். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் செய்வது ஒன்றுதான்: அறுவது வீட்டுக்குள்ளா, வீட்டுக்கு வெளியிலா என்று பிரித்துவிடுவது. வகுப்பு நடக்கும்போது இரண்டு கமாண்ட் பிராம்ப்ட் சாளரங்களைத் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1, இல்லையென்றால் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள்), மற்றொன்றில் 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கும் பிங் (சிறு செய்தி அனுப்பி, பதில் திரும்புகிறதா என்று பார்க்கும் கட்டளை) ஓடவிடுங்கள். ரவுட்டர் தவறாமல் பதில் சொல்லி, வெளி முகவரி மட்டும் தவறினால் குற்றம் இணைப்பு கொடுத்தவர் மீது. ரவுட்டருக்கு அனுப்பியதே திரும்பாவிட்டால், அவர்களை எத்தனை முறை அழைத்தாலும் பயன் இல்லை, சிக்கல் உங்கள் வீட்டு வைஃபையில்தான்.

ஈரோட்டுத் தறி | புதன், காலை 9.20

ரவுட்டருக்கும் மேசைக்கும் நடுவில் இரும்பு பீரோ இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் அதுதான் குற்றவாளி. கண்ணாடி பதித்த பழைய பீரோவைச் சுவரோரத்திலிருந்து நகர்த்திய பிறகே உள்ளறையில் இணையம் அறாமல் வந்தது. செங்கல் சுவரையாவது அலை ஓரளவு கடக்கும், தகட்டை அது கடக்காது.

இன்னொன்று, அலைக்கற்றை சொல்வதைப் போல 1, 6, 11 மட்டுமே என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நான் இரண்டு ஆண்டுகளாகச் சேனல் 9இல் இருக்கிறேன், அங்கே வேறு எவரும் இல்லை.

அலைக்கற்றை (மூத்த உறுப்பினர்) | புதன், காலை 9.44

அங்கே வேறு எவரும் இல்லை என்பது உங்கள் செயலி காட்டும் படம், அலைகளுக்கு அது தெரியாது. சேனல் எண்களுக்கு இடையே இருப்பது 5 மெகாஹெர்ட்ஸ்தான், ஆனால் ஒவ்வொரு இணைப்பும் எடுத்துக்கொள்ளும் அகலம் குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ். சேனல் 6இன் நடு 2437, சேனல் 11இன் நடு 2462, உங்கள் சேனல் 9இன் நடு 2452. அதாவது, நீங்கள் இரண்டு வீட்டுக்காரர்களின் திண்ணையிலும் ஒரு காலை வைத்துக்கொண்டு காலி மனையில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்றையொன்று கேட்டு, முறை வைத்துப் பேசும். பாதி மேற்படிந்த சேனலில் இருப்பவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது, வெறும் இரைச்சலாகத்தான் விழும். இந்த அடிப்படை தெரியாதவர்கள் அறிவுரை சொல்லாமல் இருப்பது நல்லது.

ஈரோட்டுத் தறி | புதன், காலை 10.02

அடிப்படை தெரிந்துதான் சொல்கிறேன் ஐயா. இந்தியாவில் 13 சேனல்கள் உண்டு. 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு 1, 5, 9, 13 என்று நான்கு பேர் அமர இடம் இருக்கும்போது, 11 சேனல்களே உள்ள அமெரிக்காவுக்கு வகுத்த கணக்கை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

அலைக்கற்றை (மூத்த உறுப்பினர்) | புதன், காலை 10.20

உங்கள் தெரு முழுவதும் 1, 5, 9, 13 என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் அந்தக் கணக்கு செல்லும். நீங்கள் ஒருவர் மட்டும் 9இல் அமர்ந்து, மற்றவர்கள் 6இலும் 11இலும் இருந்தால் மூவருக்கும் இழப்புதான். சேனல் 13ஐக் காணவே காணாத கருவிகளும் சந்தையில் இருக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தென்காற்று | புதன், காலை 10.41

இருவரும் மன்னிக்க வேண்டும். டீச்சரின் கைபேசி அதே அறையில், அதே நேரத்தில் நன்றாக வேலை செய்கிறது. பக்கத்து வீட்டு நெரிசல் என்றால் அது கைபேசியை மட்டும் விட்டுவைக்குமா? பீரோவுக்கும் இதே கேள்விதான். குற்றம் மடிக்கணினிக்குள்ளோ, அதன் அருகிலோதான் இருக்க வேண்டும். டீச்சர், கைபேசியும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் இருந்ததா? மடிக்கணினியை அண்மையில் எங்காவது பழுதுபார்க்கத் திறந்தீர்களா? வைஃபை அட்டையில் கடுகளவே உள்ள இரண்டு ஆன்டெனா இணைப்பிகள் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். பேட்டரி மாற்றும்போது கை பட்டு அவற்றில் ஒன்று கழன்றுவிடுவது உண்டு.

கணக்கு டீச்சர் | புதன், இரவு 9.25

கைபேசியிலும் 2.4 என்றே காட்டுகிறது. பேட்டரியை இரண்டு மாதங்களுக்கு முன் மாற்றினேன், ஆனால் அதன் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பீரோ வேறு சுவரில் இருக்கிறது. வடம்பிடி சொன்னதைச் செய்தேன்: வகுப்பின்போது ரவுட்டருக்கு அனுப்பிய 100இல் 31 திரும்பவில்லை, வெளி முகவரிக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். வகுப்பு முடிந்து எல்லாவற்றையும் எடுத்துவைத்த பிறகு மறுபடியும் ஓடவிட்டேன், 100இல் ஒன்றுகூடத் தவறவில்லை. பிறர் பேசுவது எனக்கு அறுவதோடு, நான் பேசுவதும் மாணவர்களுக்கு அறுகிறது.

வடம்பிடி | புதன், இரவு 9.50

சிக்கல் வீட்டுக்குள்தான் என்பது உறுதியாகிவிட்டது. இனி இணைப்பு கொடுத்தவர்களை விட்டுவிடுங்கள். பொதுவாக இந்த இடத்தில் நான் வைஃபை டிரைவரை (அட்டையை இயக்கும் மென்பொருளை) மடிக்கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுத்துப் புதிதாக நிறுவச் சொல்வேன். ஆனால் வகுப்பு முடிந்ததும் சரியாகிவிடுவது டிரைவரின் குணமாகத் தெரியவில்லை.

பழைய வானொலி | வியாழன், காலை 5.35

அம்மா, கம்பியில்லாத் தகவல் தொடர்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வின்டோஸைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது என்பதால் இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நீங்கள் எழுதியதில் ஒரு சொற்றொடர் என்னை நிறுத்தியது: "எல்லாவற்றையும் எடுத்துவைத்த பிறகு." எவற்றை எடுத்துவைத்தீர்கள்? வகுப்பு நேரத்தில் உங்கள் மேசையில் என்னென்ன இருக்கின்றன, மடிக்கணினியில் எவையெல்லாம் செருகப்பட்டிருக்கின்றன என்று, அற்பமாகத் தோன்றினாலும் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். கம்பியில்லா மவுஸ் வைத்திருக்கிறீர்களா? வைத்திருந்தால், இணைப்பு அறும் நேரத்தில் அதன் அம்பும் தத்தித் தத்தி நகர்கிறதா?

கணக்கு டீச்சர் | வியாழன், காலை 6.40

ஐயா, மவுஸ் தத்துவது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? பேட்டரி தீர்ந்துவிட்டதென்று நினைத்து இந்த மாதத்தில் இரண்டு முறை மாற்றிவிட்டேன். மேசையில் இருப்பவை: ஒலிவாங்கி கொண்ட ஹெட்போன், எழுதும் பலகை, கம்பியில்லா மவுஸுக்காகக் கணினியில் செருகும் சிறு துண்டு, வகுப்பைப் பதிவு செய்யும் வெளி ஹார்ட் டிஸ்க். கணினியில் உள்ள 256 ஜிபி நிரம்பிவிட்டதால் இந்த டிஸ்க்கை வாங்கினேன். மடிக்கணினியின் இடப்பக்கம் இரண்டு யுஎஸ்பி துளைகள் அடுத்தடுத்து இருக்கின்றன, ஒன்றில் டிஸ்க், மற்றொன்றில் மவுஸ் துண்டு. வலப்பக்கத் துளையில் எழுதும் பலகை.

தென்காற்று | வியாழன், காலை 7.10

டிஸ்க்கை எப்போது வாங்கினீர்கள்?

கணக்கு டீச்சர் | வியாழன், காலை 7.14

மூன்று வாரங்களுக்கு முன். அதை ஒரு மாற்றமாக நான் நினைக்கவில்லை.

பழைய வானொலி | வியாழன், காலை 8.30

அம்மா, உங்கள் வைஃபைக்கு இரைச்சல் பக்கத்து வீட்டிலிருந்து வரவில்லை, ஒரு சாண் தூரத்தில் இருக்கும் அந்த டிஸ்க்கிலிருந்தும் அதன் கேபிளிலிருந்தும் வருகிறது என்று நினைக்கிறேன்.

யுஎஸ்பி 3.0 நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவை அனுப்புகிறது. இவ்வளவு விரைவான துடிப்புகள் கம்பிக்குள் மட்டும் அடங்கி நிற்பதில்லை. கேபிளின் கவசமோ இணைப்பியின் கவசமோ சற்றுத் தளர்வாக இருந்தால், அகன்ற அலைப்பட்டை முழுவதும் இரைச்சலாகக் கசியும், 2.4 முதல் 2.5 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியும் அதற்குள் அடங்கும். வைஃபை இருப்பதும் அங்கேதான், பெரும்பாலான கம்பியில்லா மவுஸ்கள் பேசுவதும் அங்கேதான். உங்கள் மவுஸைப் பற்றிக் கேட்டது அதனால்தான். இது என் கற்பனை அன்று. இன்டெல் நிறுவனம் 2012இலேயே இதை அளந்து ஒரு வெள்ளறிக்கை வெளியிட்டது. ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் செருகியதும் அந்தப் பட்டையில் இரைச்சல் ஏறத்தாழ 20 டெசிபெல் உயர்ந்தது. 20 டெசிபெல் என்பது நூறு மடங்கு.

கோடுகள் நிறைவாக இருந்தும் ஏன் அறுகிறது என்பதற்கும் இதுவே விளக்கம். அந்தக் கோடுகள் ரவுட்டரின் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்பதைத்தான் காட்டும், அருகில் எவ்வளவு இரைச்சல் என்பதைக் காட்டாது. மிக்ஸி ஓடும்போது கூடத்திலிருந்து கூப்பிட்டால் அடுப்பருகே நிற்பவருக்குக் கேட்காது. கூப்பிட்டவரின் குரல் குறையவில்லை, மிக்ஸி நம் காதருகே இருக்கிறது. கைபேசி உங்களிடமிருந்து ஒரு கை நீளம் தள்ளி இருப்பதால் தப்பித்துக்கொள்கிறது.

இன்று வகுப்புக்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். டிஸ்க்கை உருவிவிட்டு ரவுட்டருக்கு 100 பிங். பிறகு அதைச் செருகி, பெரிய கோப்பு ஒன்றைப் படியெடுத்துக்கொண்டே 100 பிங். ரவுட்டர், சேனல், டிரைவர் எதையும் இடையில் தொடாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாமல் போய்விடும்.

அலைக்கற்றை (மூத்த உறுப்பினர்) | வியாழன், காலை 9.15

பெரியவரின் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இது கொஞ்சம் நீட்டி முழக்கிய விளக்கமாகத் தெரிகிறது. லட்சக்கணக்கானோர் வெளி டிஸ்க் வைத்திருக்கிறார்கள், எல்லாருக்குமா அறுகிறது? மேலும், டிஸ்க்கின் இரைச்சல் மடிக்கணினியின் காதைத்தான் அடைக்கும், வாயை அடைக்காது. ரவுட்டருக்கு அருகில் டிஸ்க் இல்லையே. அப்படியிருக்க, டீச்சர் பேசுவது மாணவர்களுக்கு ஏன் அறுகிறது?

பழைய வானொலி | வியாழன், காலை 10.05

நல்ல கேள்வி, நானும் அதையே யோசித்தேன். வைஃபையில் அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும், கிடைத்தது என்ற ஒப்புகை மறுபக்கத்திலிருந்து வர வேண்டும். டீச்சர் பேசியது ரவுட்டருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், ரவுட்டரும் ஒப்புகை அனுப்பியிருக்கும், ஆனால் அந்த ஒப்புகை மடிக்கணினியின் காதில் விழாது. போய்ச் சேரவில்லை என்று நினைத்து அது அதையே மறுபடி மறுபடி அனுப்பும், வேகத்தையும் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும். பின்னால் வரிசையில் நிற்கும் குரல் தாமதமாகி உதிர்ந்துவிடும். காது அடைத்தால் வாயும் அடைபடுவது இப்படித்தான்.

எல்லாருக்கும் ஏன் அறுவதில்லை என்றால், ஆன்டெனாவின் இடம் மாறுவதால். திரையின் மேல் விளிம்பில் ஆன்டெனா வைத்த மடிக்கணினிகளில் துளைக்கும் அதற்கும் ஓரளவு தூரம் உண்டு. கீலின் அருகிலோ அடிப்பாகத்தின் ஓரத்திலோ வைத்தவற்றில் அது சில விரற்கடைதான். கேபிளின் தரமும் டிஸ்க் பெட்டியின் தரமும் வேறு சேர்ந்துகொள்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் தெரிவதில்லை.

அலைக்கற்றை (மூத்த உறுப்பினர்) | வியாழன், காலை 10.30

ஒப்புகையைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் முடிவு சோதனையில்தான். அதுவரை சேனலை 11க்கு மாற்றிப் பார்ப்பதில் இழப்பு ஒன்றும் இல்லை.

பூங்குயில் | வியாழன், காலை 11.12

டிஸ்க்தான் காரணம் என்றால் பாவம், அதை என்ன செய்வது, தூக்கி எறிவதா?

வடம்பிடி | வியாழன், பகல் 12.40

எறிய வேண்டாம். வலப்பக்கத் துளையின் உள்ளே இருக்கும் நாக்கு கறுப்பாக இருந்தால் அது பெரும்பாலும் யுஎஸ்பி 2.0, எழுதும் பலகையையும் டிஸ்க்கையும் இடம் மாற்றிக்கொள்ளலாம். 2.0இன் வேகம் நொடிக்கு 480 மெகாபிட்தான் என்றாலும் வகுப்பைப் பதிவு செய்ய அது தாராளம். அல்லது, கவசமுள்ள நல்ல நீட்டிப்புக் கேபிள் வாங்கி டிஸ்க்கை மேசையின் மறு கோடியில் வையுங்கள். ஆனால் இவற்றைவிட நல்ல வழி, கூடத்திலிருந்து உள்ளறைக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுவது. வகுப்பு எடுத்துச் சம்பாதிப்பவர்கள் வைஃபையை நம்பியிருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. என் பிழைப்பே கேபிள்தான் என்பதால் அப்படிச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் சரி.

ஈரோட்டுத் தறி | வெள்ளி, இரவு 8.20

டீச்சர், என்ன ஆயிற்று?

தென்காற்று | சனி, மாலை 6.05

சோதனை முடிவை எழுதினால் பின்னால் வருபவர்களுக்குப் பயன்படும்.

கணக்கு டீச்சர் | ஞாயிறு, மாலை 4.48

மன்னிக்க வேண்டும், திருப்புதல் தேர்வுத் தாள்களில் மூழ்கிவிட்டேன். டிஸ்க் இல்லாமல் 100இல் ஒன்றும் தவறவில்லை, செருகிப் படியெடுத்தபோது 38 தவறின. வலப்பக்கம் கறுப்புத் துளைதான், அங்கே மாற்றிவிட்டேன். வெள்ளியும் சனியும் வகுப்பு ஒரு முறைகூட அறவில்லை, மவுஸும் தத்தவில்லை. வானொலி ஐயாவுக்கும் மற்ற எல்லாருக்கும் நன்றி. ஐந்து மணிக்கு வகுப்பு இருக்கிறது, வருகிறேன்.

அலைக்கற்றை (மூத்த உறுப்பினர்) | ஞாயிறு, மாலை 5.30

மகிழ்ச்சி. இடையில் சேனலை 11க்கு மாற்றினீர்களா என்பதையும் சொன்னால் நன்றாக இருக்கும்.

பழைய வானொலி | ஞாயிறு, மாலை 6.15

சோதனை நடந்தது ஒரே சேனலில் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். 38 போதாதா ஐயா?

மழைக்காகிதம் (புதிய உறுப்பினர்) | ஞாயிறு, இரவு 11.02

வணக்கம். எனக்கும் இதே தொல்லைதான், ஆனால் டிஸ்க் எதுவும் செருகவில்லை. இரவில் மட்டும் விட்டு விட்டு வருகிறது. புதிதாக எதையும் மாற்றவில்லை. அவசரம், உதவுங்கள்.

தென்காற்று | ஞாயிறு, இரவு 11.20

தனி இழையாகத் தொடங்குங்கள் நண்பரே. வின்டோஸா, லினக்ஸா? 2.4ஆ, 5ஆ? கைபேசி வேலை செய்கிறதா? மேசையில் இருப்பவற்றின் பட்டியலை மறக்காமல் சேருங்கள்.